அசரியா சார் எழுதிய ஆட்சேபணை

ஞானமணி நகரில் அசரியா சார் எழுதாத மனு கிடையாது. ரயில்வேயில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிடையரானவர். தெருவிளக்கு எரியவில்லையா, பஸ் நிற்காமல் போகிறதா, உடனே கார்பன் வைத்து எழுத உட்கார்ந்துவிடுவார். கீழ்க்கட்டளைப் பக்கம் முப்பத்தோரு வீடுகள் கொண்ட அந்த நகரின் சங்கத்துக்குப் பதினைந்து வருஷமாக அவர்தான் செயலாளர். அந்தத் தலைவலிக்கு வேறு யாரும் முன்வரவில்லை என்பது வேறு விஷயம்.

1994-ல் அவருக்கே பெரிய வேலை வைத்தான் சிட்டிபாபு. நகரின் நடுவே புதர் மண்டிக் கிடந்த அரை ஏக்கரில் அறுபது ஃபிளாட் கட்டப்போவதாகப் பலகை வைத்தான். அவனுடைய அப்பா பொன்னுரங்கம்தான் நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு இவர்களுக்கெல்லாம் விற்றவர். அறுபது குடும்பத்துக்கு போர் போட்டு உறிஞ்சினால் அக்கம்பக்கத்துக் கிணறுகள் என்னாகும்? சார் பி.எஃப். பணம் மொத்தத்தையும் கொட்டிக் கட்டிய வீடு. தண்ணீர் போய்விட்டால் அதை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கவா?

மனைப்படத்தில் அந்த அரை ஏக்கர் பொது உபயோகத்துக்கு என்று இருக்கிறது, கட்ட விடக்கூடாது என்று மனு தயாரானது. முப்பத்தோரு கையெழுத்துக்கு எந்த ஆபீஸ் அசையும்? அதனால் காலிமனைக்குப் பின்னால் குடிசை போட்டிருந்த கல்குவாரி ஜனங்களைத் தேடிப் போனார். இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கம் அவர் செருப்பு பட்டது அதுதான் முதல் தடவை.

அங்கே பேச்சு எடுபடுகிற மனுஷி, ஜல்லி உடைக்கும் பச்சையம்மா.

“எங்க கெணறும் பூடுமா சார்?”

“முதல்ல வத்துறது உங்க கிணறுதாம்மா.”

இரண்டே நாளில் எண்பத்தாறு கைநாட்டோடு வந்து நின்றாள். சாருக்கு வாயெல்லாம் பல்.

மனுமீது நடந்த விசாரணைக்கு, அன்றைய கூலியை விட்டுவிட்டு அவளும் கூடவே வந்தாள். அதிகாரி மனுவைப் படித்துத் தலையாட்டினார். காரியம் கைகூடிவிட்டது என்றே சார் நினைத்தார். அப்போது சிட்டிபாபு ஒரு பழுப்புக் காகிதத்தை மேஜையில் வைத்தான். 1982-ல் பஞ்சாயத்துக்கு எழுதிய கடிதத்தின் நகல். அதிகாரி வாய்விட்டுப் படித்தார்.

“மேற்படி காலிமனை பொது இடமல்ல, திரு. பொன்னுரங்கம் அவர்களின் சொந்த நிலம். ஆகவே குடிசைவாசிகளின் குழந்தைகளுக்காக அங்கே பால்வாடி கட்டுவதை நாங்கள் ஆட்சேபிக்கிறோம். இது கௌரவமான குடும்பங்கள் வாழும் பகுதி. இப்படிக்கு, அசரியா, செயலாளர்.”

அந்தப் பிள்ளைகள் தங்கள் வாசலில் நடமாடக்கூடாதென்று நகரமே கூடி, பொது இடத்தைத் தூக்கிப் பொன்னுரங்கத்தின் மடியில் வைத்திருந்தது. சார் இதை மறந்துவிடவில்லை. போன வாரம்தான் தன்னிடமிருந்த கார்பன் காப்பியை ஃபைலிலிருந்து உருவி அடுப்பில் போட்டார். பொன்னுரங்கத்துக்கும் ஒரு நகல் அனுப்பியது தானேதான் என்பது, முப்பது வருஷம் ஃபைல் கட்டின மனுஷனுக்கு உறைக்கவில்லை.

பச்சையம்மா அவர் பக்கம் திரும்பினாள். “அத்த எய்தினது நீயா சார்?”

“சங்கத் தீர்மானம்மா அது. எல்லாருமாச் சேர்ந்துதான்...”

“பால்வாடி வருதுன்னாங்கோ. அப்பால வர்ல. யாரு கெடுத்தாங்கன்னே தெரியாம இருந்துச்சி.” அவள் குரல் உயரவேயில்லை. “அதான் எம் பொண்ணு காமுவ குவாரிக்கே இட்டுகினு போனேன். நாலு வயசுலயே கல்லு பொறுக்க வந்துட்டா.”

“நீ என்னம்மா சொல்றே?” என்று அதிகாரி கேட்டார்.

“கட்டட்டும் சார். எங்காளுங்க கைநாட்ட எடுத்துடு. கெணறு வத்தினா வேற எடம் பாத்துக்குறோம், எங்களுக்கு இன்னா சொந்த வூடா கீது? கட்ற வரிக்கும் சித்தாள் வேலையாவது கெடைக்கும்.”

சார் குனிந்து தன் பேனாவை மூடினார்.

மறு வருஷம் மூன்றாவது மாடிக்குத் தளம் போட்டார்கள். சாரின் கிணற்றில் பங்குனியிலேயே வாளி சேற்றில் தட்டியது. பிளாஸ்டிக் குடத்தோடு கட்டடத்தின் ஓரமாகத் தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றார். சாரத்தில் சட்டியோடு ஏறிக்கொண்டிருந்த ஒரு பெண் அவரைக் கண்டு நின்றாள். பதினேழு வயது இருக்கும். அவள் பச்சையம்மாவின் மகள் என்று முகமே சொல்லியது.

“அங்க நிக்காத சார், மேலேந்து ஜல்லி வுழும். தள்ளிக்கோ” என்றாள் காமு.

சார் குடத்தை எடுத்துக்கொண்டு தள்ளி நின்றார்.