சனிக்கு நாற்காலி போட்டவர்

சனிக்கிழமை காலை. பியாட்ரிஸ் பின்வாசலில் நின்று, சுண்ணாம்பு மலைக்குப் பின்னாலிருந்து சூரியன் தலைகாட்டிவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். கூடத்துக் கடிகாரத்தில் மணி ஆறு நாற்பது. கோப்பெங்கில் மற்ற எல்லார் வீட்டிலும் ஏழு பத்து. இந்த எண்பத்திரண்டாம் வருடம் பிறந்ததும் கடிகாரத்தை அரைமணி முன்னால் தள்ளி வைக்கச் சொல்லி மலேசிய சர்க்கார் உத்தரவு போட்டது. பியாட்ரிஸ் தள்ளவில்லை. "சூரியனுக்கு யாரும் லெட்டர் போடலையே. அது பழைய நேரத்துக்குத்தான் வருது" என்பது அவர் கட்சி. இதனால் இரண்டு முறை ஈப்போ பஸ்ஸைக் கோட்டைவிட்டிருக்கிறார். கட்சி மாறவில்லை.

சனிக்கிழமை சூரியன் எழுந்த முதல் ஒரு மணி நேரம் சனிக்கு உரியது. அதை வீணாக்கக் கூடாது. உள்ளே வந்து சிமெண்டுத் தரையில் தையல் சாக்கட்டியால் தன்னைச் சுற்றி ஒரு வட்டம் போடுகிறார். முப்பது வருடம் துணியில் கோடு இழுத்த கை, கோணுவதில்லை. கறுப்பு அங்கி, மூன்று மெழுகுவத்தி, சாம்பிராணி. ஈயம் சனியின் உலோகமாம். அதற்காகப் பாகான் டத்தோவில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகள் வாங்கி வைத்திருக்கிறார். வட்டத்துக்கு வெளியே, எதிரில், ஒரு பிரம்பு நாற்காலி. ஆங்கிலத்தில் நீளமாக ஓர் அழைப்பைப் படித்துவிட்டு, கடைசியில் தமிழில், வீட்டுக்கு வந்த பெரிய மனிதரிடம் சொல்வதைப் போலச் சொல்கிறார்: "வாங்க. உக்காருங்க."

வியாழனுக்கு நீலம், செவ்வாய்க்குச் சிவப்பு, வெள்ளிக்குப் பச்சை என்று ஏழு கிரகத்துக்கும் ஏழு அங்கி வைத்திருக்கிறார். ஆறு அங்கிகள் ஊர்ப் பெண்களின் ரவிக்கையிலும் திரைச்சீலையிலும் மிஞ்சிய துண்டுகளை ஒட்டுப்போட்டவை. கறுப்புக்கு மட்டும் கடையில் முழுத்துணி எடுத்தார்.

இதெல்லாம் தபாலில் வந்த படிப்பு. இந்தத் தாமான் குடியிருப்பு ரப்பர்த் தோட்டமாக இருந்தபோது, கடைசி வெள்ளைக்கார மேனேஜரின் மனைவிக்கு பியாட்ரிஸ்தான் தையல்காரி. அந்த அம்மாள் எழுபத்தொன்றில் ஊருக்குக் கப்பலேறும்போது ஒரு பெட்டிப் புத்தகத்தை விட்டுப்போனார். அதில் ஒரு புத்தகத்தின் பின்னட்டையில் இருந்த இங்கிலாந்து முகவரிக்கு எழுதிப்போட்டு, கான்வென்ட் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு, கிரகங்களை முறைப்படி அழைக்கும் வித்தையை ஆறு வருடம் பாடம் பாடமாகப் படித்தார். பரீட்சைகூட உண்டு. தேறிவிட்டார்.

பக்கத்து வீட்டு ராக்காயிக்கு ஏழரைச் சனி நடக்கிறது. சனிக்கிழமை தவறாமல் கோயிலில் எள் விளக்கு ஏற்றி, சாமியின் நேர்ப்பார்வை படாமல் ஒதுங்கி நின்று கும்பிட்டு வருபவர். ஊரே விரட்டுவதைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறாயே அக்கா, பயமில்லையா என்று ஒருநாள் வேலிப் பக்கம் நின்று கேட்டார். பியாட்ரிஸ் துணி காயப்போடுவதை நிறுத்தவில்லை.

"எல்லாரும் வெளக்கப் போட்டுட்டு, போயிரு போயிருன்னுதானேலா சொல்லுறீங்க. உக்காருன்னு ஒருத்தராச்சும் சொன்னீங்களா?"

அந்தக் கோபத்துக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. கணவர் அலெக்சாண்டர் லாரி கவிழ்ந்து செத்தபோது பியாட்ரிசுக்கு முப்பத்து நாலு வயது. அடக்கம் முடிந்து திரும்பிய வீட்டில், ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டே மாமியார் சொன்ன முதல் வார்த்தை, "சனியன் வந்திருச்சு." அதன்பின் அந்த வீட்டில் அதுவே அவருக்குப் பெயராக இருந்தது. மற்ற கிரகங்களைப் பாடத்துக்காகப் படித்தேன், இவரை மட்டும் நானாகத் தேடிப்போனேன் என்கிறார். "யாரு பேரச் சொல்லி என்னைய வெரட்டுனாங்களோ, அவரைப் பாத்திரணும்னு இருந்துச்சு."

சிக்கல் என்னவென்றால், பியாட்ரிஸ் மாதா கோயிலையும் விட்டவர் அல்ல. ஒன்பது வயதில் புதுநன்மை என்று பூசையின் முதல் அப்பத்தை வாங்கியதிலிருந்து ஒரு ஞாயிறு தவறியதில்லை. குருவானவரின் பூசை உடுப்பு தைப்பதும் அவர்தான். பியாட்ரிசின் தம்பி டொமினிக் ஈப்போவில் ரயில்வே குமாஸ்தா, ஜெபக்கூட்டம் நடத்துகிறார். மூன்று மாதத்துக்கு முன், ஒரு சனிக்கிழமை காலையில், அங்கிகளையும் புத்தகங்களையும் அள்ளிப்போய் எரிக்க ஒரு கோணிச் சாக்கோடு வந்து சேர்ந்தார். வந்த களைப்பில் பிரம்பு நாற்காலியில் உட்காரப் போனவரை அக்கா தடுத்தார்.

"அதுல ஆள் இருக்கு. நீ பாயில உக்காரு."

டொமினிக் எதிலும் உட்காரவில்லை. பிசாசோடு குடித்தனம் நடத்துகிறாய் என்று நின்றபடியே கத்தினார், பிறகு அழுதார். வெறும் சாக்கோடு திரும்பிப்போனவர், நேராகக் குருவானவரிடம் போனார்.

குருவானவர் நல்ல மனிதர், கூப்பிட்டு மெதுவாகத்தான் பேசினார். விட்டுவிட்டேன் என்று ஒரு சொல் சொன்னால் போதும், எரிக்கக்கூட வேண்டாம் என்றார். பியாட்ரிசுக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை.

"ஆண்டவர் படைச்சவங்கதானே ஃபாதர் அவங்களும்? அவரு வீட்டு ஆளுங்களோட பேசுனா அவருக்கு என்ன கோவம்?"

அப்படியானால் இனி பூசையில் நன்மை தர முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். பியாட்ரிஸ் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தையல் மிஷினைத் தொடவில்லை. அவருக்கு அது வலித்தது, இன்றைக்கும் வலிக்கிறது. அந்த நன்மை அப்பத்தை நாற்பத்து மூன்று வருடம் நாக்கில் வாங்கி எழுந்தவர் அவர். ஒரு பொய் சொன்னால் திரும்பக் கிடைத்துவிடும் என்று ராக்காயியே யோசனை சொன்னார். அப்படி வாங்கித் தின்றால் தொண்டையில் இறங்காது என்று பியாட்ரிஸ் சொல்லிவிட்டார்.

அதற்காக வீட்டில் முடங்கிவிடவும் இல்லை. நன்மை நின்றபின் இது பதினோராவது ஞாயிறு. நன்மை நேரத்தில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து போய், பீடத்துக்கு எதிரே உள்ள கிராதியின் இடக்கோடியில் மண்டியிடுகிறார். கண்ணை மூடி வாயைத் திறக்கிறார். குருவானவர் ஒரு கணம் நின்று, அடுத்த ஆளுக்கு நகர்கிறார். கோயிலே பார்க்கிறது. ஈப்போவிலிருந்து பூசைக்கு வந்து வரிசையில் நின்ற டொமினிக் தலையைக் குனிந்துகொள்கிறார்.

இந்த ஞாயிறு எழுந்த பியாட்ரிஸ் தன் இடத்துக்குத் திரும்பவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, மண்டியிட்டிருந்தவர்களின் முதுகுக்குப் பின்னால் நடந்து, கிராதியின் வலக்கோடிக்குப் போய், குருவானவர் வந்து சேர்வதற்குள் மறுபடி மண்டியிட்டு வாயைத் திறந்தார்.