சைகோனிலிருந்து வந்த ‘சே’

இனிப்பு விற்கிற தொழிலில் ஈயை விரட்டிவிடலாம், ‘இது என்ன?’ என்று கேட்கிறவரை விரட்டவே முடியாது. தெருவோரத்தில் நின்று எதையாவது விற்றுப் பார்த்தவர்களே, உங்களுக்குச் சொன்னால்தான் இது விளங்கும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் ஒரு வெளிநாட்டுச் சரக்குக் கப்பலில் சமையல் உதவியாளாக இருந்தேன். கிழக்கிலங்கையில், கல்முனையில் கல்யாணம் முடித்து, மனைவி சுபைதா பிள்ளைத்தாச்சியானதும் மறுபடி கடலுக்குப் போக மனம் வரவில்லை. வியட்நாமில், சைகோனில் தின்று பழகிய ஓர் இனிப்பைக் கைவண்டிலில் வைத்து விற்கப்போகிறேன் என்றேன். குடியிருந்தது சுபைதாவின் உம்மா, என் மாமி வீட்டில், தீர்ப்பும் மாமியுடையதுதான். நோன்புப் பெருநாளைக்குள் வியாபாரம் ஓட வேண்டும், இல்லாவிட்டால் கப்பல். என் பிள்ளையின் முகத்தை முதன்முதலில் போட்டோவில் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

பன்றிப் படம்

சைகோனில் எங்கள் கப்பல் சரக்கு இறக்க இரண்டு கிழமை நின்றது. துறைமுகத் தெருவில் ஒரு பெண் காவுதடியின் இரு பக்கமும் சட்டிகளைத் தொங்கவிட்டு வருவாள். முழங்கால் உயரம்கூட இல்லாத முக்காலியில் நம்மை உட்கார வைப்பாள். ஐஸைத் துணியில் சுற்றித் தடியால் அடித்து நொறுக்கி, கண்ணாடிக் கோப்பையில் என்னென்னவோ அடுக்கடுக்காகப் போட்டு நீட்டுவாள். எனக்கு வாய் ஊறியது. ஆனால் உள்ளே என்ன கிடக்கிறது என்று தெரியாமல் எப்படித் தின்பது?

பாஷை தெரியாததால் ஒரு கடதாசியில் பன்றி கீறிக் காட்டினேன். அவள் முகமெல்லாம் சிரிப்பாகிப் பக்கத்துக் கடையைக் காட்டினாள். அங்கே அது தோலோடு தொங்கியது! நான் பதறியதைக் கண்டதும் அவளுக்கு விஷயம் விளங்கி, மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். பாசிப்பயறு, தேங்காய்ப்பால், சவ்வரிசி, வாழைப்பழம், கடற்பாசி, வாசத்துக்கு முடிச்சுப் போட்ட ரம்பை இலை. அத்தனையும் நம் வீட்டுச் சாமான்கள். இவற்றை ஒரே கோப்பையில் சேர்க்க நமக்கு ஏன் தோன்றவில்லை என்று யோசித்தபடியே மூன்று கோப்பை தின்றேன். கூட வந்த தூத்துக்குடிக்காரர் சொன்னார்: “பன்னி இருக்கான்னு நீ கேட்ட, பன்னி வேணும்னு அவ நெனச்சா, கேப்டன்கிட்ட மட்டும் படம் வரஞ்சு லீவு கேட்டுராத.”

பெயர் கேட்டவர்

அந்த இனிப்பின் பெயர் ‘சே’. அவள் சொல்லும்போது காதுக்கு இதமாகத்தான் இருந்தது. கல்முனைச் சந்தைக்குப் பக்கத்தில் வண்டிலை நிறுத்திய முதல் நாள், சாகாமத்திலிருந்து வந்த வயல்காரர் ஒருவர் சட்டிக்குள் எட்டிப் பார்த்து, என்ன சாமான் என்று கேட்டார். “சே” என்றேன். காது கேட்கவில்லையோ என்று இன்னும் அழுத்தி “சே!” என்றேன். மனிதர் துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “பேரத்தானே தம்பி கேட்டன், அதுக்கு ஏன் இப்பிடிச் சலிக்கிறீங்க?”

ஆணத்து மணம்

அன்றே பெயரைக் ‘கப்பல் பாயாசம்’ என்று மாற்றினேன். அடுத்த வில்லங்கம் ரம்பையால் வந்தது. வியட்நாமில் ரம்பை இனிப்புக்கு. நமக்கோ அது இறைச்சி ஆணத்துக்கு, அதாவது குழம்புக்கு. மூடியைத் திறந்தால் கல்யாண வீட்டுச் சமையல் மணம். வண்டிலடியில் வந்து நின்ற, அக்கா வயதுள்ள ஒரு ராத்தா ஒரு கோப்பை முழுவதையும் நிதானமாகக் கிண்டிக் கிண்டிக் குடித்து முடித்தார். “இனிப்பு நல்லாத்தான் இரிக்கி தம்பி, இறைச்சித் துண்டுதான் ஒண்டும் ஆம்பிடல்ல.”

நோன்பாளியின் நாக்கு

நோன்பு வந்தது. நோன்பு திறக்கிற நேரத்துக்கு விற்றால் நன்றாக ஓடும் என்று கணக்குப் போட்டேன். ஆனால் நானும் நோன்பாளி. நாக்கில் வைத்துத் துப்பலாம் என்று சிலர் சொன்னார்கள், எனக்குத் துணிவில்லை. தேங்காய்ப்பாலுக்கு ஒரு கிள்ளு உப்புப் போடுவது வியட்நாம் வழக்கம். போட்டேனா இல்லையா என்ற சந்தேகத்தில் இன்னொருதரம் போட்டுவிட்டேன், அதுவும் கை நிறைய. அன்று என்னிடம் வாங்கி நோன்பு திறந்த, என்னை அண்ணன் முறை வைத்துக் ‘காக்கா’ என்று கூப்பிடும் தையல்காரர் மறுநாள் வண்டிலைத் தேடி வந்தார். “கடல் பக்கத்திலதானே இரிக்கி, அங்கயே போய் நோம்பு திறந்திரிப்பமே காக்கா!”

கதவுக்குப் பின்னால்

அதற்குப் பிறகு சுபைதா உதவிக்கு வந்தாள். ஏழு மாதம், நோன்பு பிடிக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் வீடே நோன்போடு இருக்கும்போது வாயை அசைக்க அவளுக்கு வெட்கம். நான் அடுப்படியில் நிற்க, குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு கரண்டி ருசி பார்ப்பாள். ‘உப்புக் காணாது’, ‘சீனி போதும்’ என்று கைச்சாடையால் சொல்வாள். மாமிக்குத் தெரியாது என்று இருவரும் நம்பினோம். நோன்பின் கடைசிப் பத்து நாளில் பாங்கு சொல்ல முன்னமே சட்டி காலியானது. மாமியின் தீர்ப்பு மட்டும் இன்னும் வரவில்லை.

இருபத்தேழாம் நோன்பன்று கொழும்பிலிருந்து கப்பல் ஏஜண்டின் காயிதம் வந்தது. பெருநாள் முடிந்ததும் வந்து ஏற வேண்டுமாம். சுபைதா உரக்க வாசித்தாள். பாதியில் நிறுத்திக் காயிதத்தை என் கையில் தந்தாள். மாமி என்னோடு நேரே கதைப்பதே அருமை, எதுவும் மகள் வழியாகத்தான் வரும். அன்று என்னைப் பார்த்தே சொன்னார்: “கப்பல்ல நோம்பு வந்தா ஒங்களுக்கு ருசி பாக்க ஆரு மருமகன் இரிக்கா? காயிதத்த மடிச்சி வைங்க. இவள் நாளைக்கும் பாக்கட்டும், கதவச் சாத்தத் தேவல்ல.”

தொழிலுக்குக் கைராசி வேண்டும் என்பார்கள். என் தொழில் ஓடியது என்னவோ வீட்டுப் பெண்கள் இருவரின் நாக்கில்தான்.