கொரிய அக்காவின் வேலை

கப்பலில் வந்த மரப்பெட்டியை உடைத்ததும் உள்ளிருந்து ஒரு பலகை வந்தது. ஆள் உயரத்துக்குச் சாய்த்து நிறுத்தும் பலகை. அதில் அடித்திருக்கும் ஆணிகளுக்கு நடுவே கார் ஒயர்களை ஓட்டிக் கொத்தாகக் கட்ட வேண்டும். எங்களுக்குப் பயிற்சி தர வந்திருந்த கொரிய அக்கா நேரே அதனிடம் போய், இடது ஓரத்தில் பெயின்ட் தேய்ந்திருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார். அளவெடுத்தது போலப் பொருந்தியது. தன் ஊரில் பதினோரு வருஷம் அவர் நின்று வேலை பார்த்த பலகை அது. நாங்கள் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரத்தை அவரையே ஏற்றச் சொன்னோம். சர்ச்சுக்குப் போகிறவர், ஏற்றியதோடு கும்பிடவும் செய்தார்.

இரண்டாயிரத்தின் ஆரம்ப வருஷங்கள். சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்து, ஸ்ரீபெரும்புதூரில் ஒரே அறையில் தங்கி, ஒரகடம் சாலையில் இருந்த கம்பெனிக்குப் பஸ்ஸில் போய்வந்த ஆறு பெண்கள் நாங்கள். அக்காவுக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்குக் கொரிய மொழி தெரியாது. கைவேலைக்கு மொழி எதற்கு? தவறாகக் கட்டினால் மணிக்கட்டில் ஒரு தட்டு, சரியாகக் கட்டினால் கன்னத்தில் ஒரு கிள்ளு. மதியம் எங்கள் புளிசாதத்தைக் கையால் பிசைந்து சாப்பிடுவார். மீன்வாடை அடிக்கும் அவருடைய கோஸ் ஊறுகாயை நாங்கள் முகம் சுளித்துக்கொண்டே காலி செய்வோம். பெரிய அதிகாரி கூட்டம் போடும்போதெல்லாம், உலகமே இனி ஒரே குடும்பம் என்பார். நான் நம்பினேன். பொய் சொல்வானேன், இன்றும் பாதி நம்புகிறேன்.

பயிற்சி முடிவில் வைக்கும் டெஸ்டுக்கு முதல் நாள்தான், அதிகாரிகளோடு வந்துபோகும் மொழிபெயர்ப்பாளர் வாய் தவறிச் சொன்னார். நாங்கள் ஆறு பேரும் பன்னிரண்டு நிமிஷத்துக்குள் ஒரு கட்டு முடித்துவிட்டால் எங்களை நிரந்தரமாக்குவார்கள். கொரியாவில் மிச்சப் பலகைகளோடு ஓடிக்கொண்டிருக்கும் அக்காவின் லைனை மூடிவிடுவார்கள், அவர் வேலையும் போய்விடும். அக்காவுக்கும் தெரியுமாம். தெரிந்துதான் வந்தாராம். திரும்பும்போது பஸ்ஸிலேயே முடிவெடுத்தோம்: மெதுவாகச் செய்வது. நாங்கள் தேறாதவரை அவர் லைன் ஓடுமே! எங்களை ஊருக்கு அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்று ஒருத்தியும் கேட்கவில்லை. பயம் என்னவோ எல்லோருக்கும் இருந்தது.

மறுநாள் முதலில் நின்ற நான் பதினெட்டு நிமிஷம் இழுத்தேன். பக்கத்துக் கிராமத்துக்காரரான சூப்பர்வைசர் கத்தினார். "இன்னாம்மா, நேத்து வரைக்கும் நல்லாத்தானே கட்டிக்கினு இருந்தே? இது ஊத்திக்கிச்சின்னா மூட்டையக் கட்டிக்கினு வூட்டுக்குப் போவ வேண்டியதுதான்."

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. என்னைத் தள்ளிவிட்டு அவரே நின்று எட்டு நிமிஷத்தில் கட்டி முடித்தார். முகமெல்லாம் சிவக்க என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் தரையைப் பார்த்துக்கொண்டு எங்களிடம் சொன்னார்: "நீங்க தேறலன்னா, இவங்க சரியா சொல்லிக் குடுக்கலன்னு கம்பெனியில எழுதிடுவாங்களாம். வேலதான் போவுது, பேரையும் ஏன் எடுக்குறீங்கன்னு கேக்குறாங்க."

மறுபடியும் நின்றேன். பதினோரு நிமிஷம். மற்ற ஐந்து பேரும் தேறினார்கள். அக்கா என் கன்னத்தைக் கிள்ளினார். வலித்தது. அது சந்தோஷமா கோபமா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அந்த வாரமே விமானம் ஏறிவிட்டார்.

இப்போது அதே கம்பெனியில் நான் சூப்பர்வைசர். என் மகள் சென்னையில் அரசியல் அறிவியல் படிக்கிறாள். நாடு என்பதெல்லாம் மனிதன் போட்ட கோடு, நாம் எல்லோரும் உலகக் குடிமக்கள் என்று போன வாரம் சாப்பிடும்போது எனக்கு விளக்கினாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அக்காவின் கதையைச் சொல்லி, அவர் வேலையைப் பிடுங்கிக்கொண்ட நான் அவருக்கு என்ன முறை வேண்டும் என்று கேட்டேன்.

"நீயா எடுத்த? கம்பெனிதாம்மா எடுத்துச்சு."

"அப்ப எனக்குக் குடுத்தது யாருட்டி?"

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். எனக்கும் தெரிந்தா கேட்டேன்? தட்டில் இருந்தது அந்த வேலை போட்ட சோறு. இன்னொரு கரண்டி வைத்தேன்.