பூதக்கண்ணாடிக்குக் கீழே எங்கள் ஊருணி

எங்கள் ஊருக்குப் பெண் கொடுக்க வருகிறவர்கள் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் ஊருணியைப் பார்ப்பார்கள். என் மாமனாரும் அப்படித்தான். படியிறங்கி ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, "பய எப்படியோ, தண்ணி நல்லாருக்கு" என்று சொன்னவர். என் மனைவி அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். எனக்கு வாழ்க்கைப்படவில்லையாம், தண்ணீருக்குத்தான் வாழ்க்கைப்பட்டாளாம்.

ஆலங்குடிப் பக்கம் எத்தனையோ ஊருணிகள் இருந்தன. எங்களுடையதற்கு இருந்த பேர் வேறு எதற்கும் இல்லை. செம்புறாங்கல் படிகள். செருப்பு கரை ஏறக்கூடாது, மாடு அண்டக்கூடாது, துணி நனைக்கக்கூடாது. குடம் எடுத்து வருகிறவர்கள் கடைசிப் படியில் நின்று காலைக் கழுவிக்கொண்டு, முழங்கால் அளவு இறங்கித்தான் மொள்ள வேண்டும். தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே என்பார்கள். எங்கள் ஊரில் தாயைப் பழித்தவர்கள் உண்டு. தண்ணீரைப் பழித்தவர் கிடையாது.

கோடை வந்தால் வீட்டுக்கு ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். நரம்புச் சிலந்தி. காலில் கொப்புளம் கட்டி உடைந்தால் வெள்ளை நூல் மாதிரி ஒரு புழு தலைநீட்டும். அதை ஈர்க்குச்சியில் சுற்றி நாளுக்கு ஒரு விரற்கடை இழுக்க வேண்டும். அறுந்தால் கால் சீழ் பிடித்து மாதக்கணக்கில் படுக்கைதான். உடம்புச் சூடு என்றார்கள், வெயிலில் நடந்த வினை என்றார்கள். எரிச்சல் தணிய ஒரு வைத்தியமும் வைத்திருந்தோம். ஊருணிப் படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் தொங்கவிடுவது.

என் அத்தை மகனுக்கு இரண்டு தடவை சிலந்தி வந்து இடது கால் கொஞ்சம் வளைந்துபோயிற்று. சின்ன வயதில் தகப்பனை இழந்து எங்கள் வீட்டில் வளர்ந்தவன். எனக்கு ஒரு வயது மூத்தவன். ஒரே தட்டில் சாப்பிட்டோம், ஒரே பாயில் படுத்தோம். பிறகு அவன் புதுக்கோட்டைக்குப் போய் சுகாதார ஆபீசில் பியூன் ஆனான். நான் ஊரில் விவசாயத்தோடு நின்றேன். பள்ளிக்கூடம் போனதில்லை. கடைப் பலகையையும் பஸ் பலகையையும் பார்த்துப் பார்த்தே எழுத்தைப் பிடித்தவன். வண்டிகளுக்குப் பேர் எழுதித் தருவேன். என் 'ழ'வின் வால் அடுத்த எழுத்தின் கீழேவரை ஓடும். எழுத்து தெரியாதவன்கூட அந்த வாலைப் பார்த்து இன்னார் எழுதியது என்று சொல்லிவிடுவான்.

சமஸ்தானக் காலம். தசராவை ஒட்டித் திருக்கோகர்ணத்தில் மியூசியம் பக்கம் பொருட்காட்சி போடுவார்கள். முந்தின வருஷம் பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் ஆள் உயரச் சேனைக்கிழங்கு கொண்டுபோய் மெடல் வாங்கி வந்து, கீரமங்கலம் சந்தையில் அதைச் சட்டையில் குத்திக்கொண்டு திரிந்தான். அந்தக் காந்தல் எங்களுக்கு ஆறவில்லை. அந்த நேரத்தில்தான் புதுக்கோட்டையிலிருந்து அத்தை மகன் மச்சான் வந்தான்.

"மாப்ள, இந்த வருசம் எக்சிபிசன்ல நம்ம ஊருணித் தண்ணிய வைக்கலாம்னு இருக்கு. ஒரு கொடம் வேணும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. "பிரைசு உண்டா மச்சான்?"

அவன் வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னான். "பாக்குறவுக சாகுறவரைக்கும் மறக்க மாட்டாக."

"ஊர் பேரு போடுவீகளா?"

"வேணாம்னுதான் ஆபீசர் ஐயா சொன்னாரு."

"பேரு இல்லாம வைக்கவா நாங்க தண்ணி குடுக்குறோம்? அட்டைய நானே எழுதித் தாரேன்."

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. எழுந்துபோய் வாசலில் துப்பிவிட்டு வந்தான். "சரி, எழுது" என்றான். அந்த ஒரு நிமிஷத்தை எத்தனையோ முறை திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். வேண்டாம் மாப்ள என்று ஒரு சொல் சொல்ல அதில் இடம் இருந்தது.

அய்யனார் கோயிலில் ஊர் கூடியது. ஊர்த்தண்ணீர் எல்லை தாண்டுவதென்றால் சும்மா இல்லை. ஊர்த்தலைவர் அம்பலக்காரர் என்னைக் கேட்டார். "ஒன் அத்தை மகன் டவுனுக்காரன், நாளைக்குக் கையை விரிச்சுட்டுப் போயிருவான். ஏதாச்சும் ஒண்ணுன்னா யாருடா பொறுப்பு?"

"நான் பொறுப்பு."

"ஊர் பேரு ஒன் தலையில."

"என் தலையிலதான்."

கோயில் பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் துலக்கி, விடிகாலையில் மொண்டு, வெள்ளைத் துணியால் வாய் கட்டி வண்டியில் ஏற்றினோம். அட்டை என் மடியில் இருந்தது. ஊர்ப் பேரை, அதில் வரும் 'ழ'வின் வாலை நன்றாக ஓடவிட்டு, கொட்டை எழுத்தில் எழுதி, அதன் கீழே 'ஊருணித் தண்ணீர், தேனும் இதனிடம் தோற்கும்' என்று எழுதியிருந்தேன். தகரக் கொட்டகையில் மச்சான் ஒரு கண்ணாடி ஜாடியை நீட்டினான். மொள்ளும்போதே குடத்தில் இலைத்தூசி விழுந்திருந்தது. டவுன்காரர்கள் பார்ப்பதாயிற்றே என்று துணியை ஜாடியின் வாயில் போட்டு ஊற்றப் போனேன். அவன் என் கையைப் பிடித்தான்.

"வடிகட்டாத. அப்படியே ஊத்து."

தண்ணீர் மேல் அவனுக்குத்தான் எத்தனை மரியாதை என்று எனக்குக் கண் கலங்கியது.

மறுநாள் ஊரே கிளம்பியது. மூன்று வண்டி நிறைய ஆட்கள், மிச்சப்பேர் நடை. மியூசியத்துக்குள் பாடம் பண்ணிய புலியைப் பார்த்தோம், பழங்காசுகளைப் பார்த்தோம், கொடும்பாளூர்க் கல் என்று யாரோ காட்டிய சிலையைக் கும்பிட்டோம். மனசு அங்கே எதிலும் நிற்கவில்லை. "நம்ம தண்ணி எங்கிட்டு இருக்கு?" என்று எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள். நான் முன்னால் நடந்தேன். கல்யாண மாப்பிள்ளைகூட அப்படி நடந்திருக்க மாட்டான்.

கொட்டகையில் நல்ல கூட்டம். என் அட்டையைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டேன், 'ழ' வாலோடு. அதற்குக் கீழே நேற்று இல்லாத ஒரு பெரிய படம் தொங்கியது. ஒரு மனிதக் கால், அதிலிருந்து நூலாக இறங்கும் புழு. பக்கத்துச் சீசாவில் நிஜப் புழு ஒன்று சுருண்டு கிடந்தது. எங்கள் ஜாடிக்கு முன்னால் பூதக்கண்ணாடிக் குழாய் ஒன்றை நிறுத்தி, ஜாடித் தண்ணீரில் ஒரு சொட்டை அதன் அடியில் வைத்திருந்தார்கள். கோட்டுப் போட்ட ஒருவர் குச்சியால் தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். சிலந்தி வந்த காலைத் தண்ணீரில் வைத்தால் புழு குஞ்சு விடுகிறது, குஞ்சைத் தண்ணீர்ப் பூச்சி தின்கிறது, பூச்சியை நாம் குடிக்கிறோம், அடுத்த வருஷம் நம் காலில் வருகிறது.

எங்கள் ஊர்க் கிழவி ஒருத்தி குழாயில் கண்ணை வைத்தாள். "ஒத்தக் கண்ணுப் பேனு மாதிரி என்னமோ ஓடுது சாமி" என்றாள். பின்னால் நின்ற டவுன் ஆள் அட்டையைப் படித்துவிட்டு, "தேனாம்ல. தேனுல புழுவும் சேத்தே தாராங்க போல" என்றான். கொட்டகை சிரித்தது.

அம்பலக்காரருக்கு எழுத்து தெரியாது. அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "மேல என்னடா எழுதிருக்கு?"

நான் கூட்டத்துக்குள் ஒதுங்கப் பார்த்தேன்.

"ஒன் எழுத்துத்தானே. வாலு தெரியுது. படி."

படித்தேன். ஊர்ப் பேரையும் தேனையும் சத்தமாகப் படித்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கையாலும் கெட்டேன், வாயாலும் கெட்டேன்.

கொட்டகைக்குப் பின்னால் மச்சான் பெஞ்சு துடைத்துக்கொண்டிருந்தான். நிமிராமலே பேசினான்.

"நெசத்தைச் சொல்லியிருந்தா ஒரு சிரட்டைத் தண்ணி குடுத்திருப்பீகளா மாப்ள? மூணு ஊர்ல கேட்டேன். அடிக்க வந்தாங்க."

"பேரையாச்சும் எழுத வேணாம்னு சொல்லியிருக்கலாமே."

"பேரு இல்லாட்டி எவனோ ஊரு, எவனோ தண்ணின்னு போயிருவீக. என் காலைப் பாரு. ஒன் பிள்ளைக்கும் இதுதான் வேணுமா? துணியை ரெண்டா மடிச்சு வடிகட்டிக் குடிங்க, போதும். அதைச் சொல்லத்தான் இம்புட்டும்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல மச்சான். எங்கிட்ட."

அவன் துணியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தான். "வெள்ளிக்கிழமை ஊருக்கு வாரேன். கூட்டத்துல நிண்டு, அவனுக்கு ஒண்ணும் தெரியாது, நாந்தான் மறைச்சேன்னு சொல்றேன்" என்றான். என் கையைத் தொட்டுச் சொன்னான்.

வெள்ளிக்கிழமை ஊர் கூடியது. நான் ஊருணிக் கரையிலேயே நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆலங்குடி பஸ் போனது. அடுத்த பஸ்ஸும் போனது. "ஒன் சாட்சி எங்கிட்டு வாரான், காசி வழியாவா?" என்று ஒருவன் கேட்டான். பொழுது சாய்ந்தும் அவன் வரவில்லை. ஆள் அனுப்பவில்லை, ஒரு கார்டுகூடப் போடவில்லை. தெரிந்தேதான் காட்டிக்கொடுத்தேன் என்று ஊர் முடிவு கட்டியது. அபராதம் போடவில்லை. அம்பலக்காரர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "இனிமே ஊர்க் காரியத்துல ஒன் எழுத்து வேணாம்."

அந்த வாரமே வண்டிகளில் நான் எழுதியிருந்த பேர்களைச் சுரண்டிவிட்டார்கள். என் மனைவி குடத்தோடு போனால் படியில் பேச்சு நின்றுவிடும். தண்ணீரை ஒருவரும் வடிகட்டவில்லை. வடிகட்டுவது ஊருணியை வைவதற்குச் சமம் என்றார்கள்.

அடுத்த கோடையில் என் கணுக்காலில் கொப்புளம் எழும்பியது. எரிச்சல் தாங்காமல் பழக்கத்தில் படிக்குப் போய் உட்கார்ந்தேன். கால் தண்ணீரைத் தொடப்போகும் நேரத்தில் கோட்டுக்காரரின் குச்சி ஞாபகம் வந்தது. காலை இழுத்துக்கொண்டு நொண்டி நொண்டி வீடு வந்தேன். என் பழைய வேட்டியைக் கிழித்து இரண்டாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டினேன். மனைவி பார்த்தாள், அடுத்த குடத்தையும் எடுத்து வந்து வைத்தாள்.

மச்சானை அதன் பிறகு நல்லது கெட்டதுகளில் பார்த்திருக்கிறேன். அவன் இருந்த பந்தியில் நான் உட்கார்ந்ததில்லை. வெகு நாள் கழித்து என் மகள் கல்யாணத்துக்கு அழைக்காமலே வந்தான். கால் இன்னும் வளைந்திருந்தது. கொல்லைப்பக்கம் தண்ணீர் குடிக்கப் போனவன், வரிசையாக இருந்த குடங்களின் வாயில் கட்டியிருந்த மடிப்புத் துணிகளைப் பார்த்து நின்றான். செம்பைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

"வடிகட்டுறியா மாப்ள?"

பதினாலு வருஷத்துக்குப் பிறகு நான் அவனுக்குச் சொன்ன முதல் பதில் இதுதான்.

"பந்தல்லருந்து தூசி விழுகுது" என்றேன்.