அரைச் சுற்று

ருமேனியாவுக்கு வந்து ஐந்து மாதமாகியும் எனக்குப் பழகாத ஒன்று, எங்கள் வெல்டிங் பட்டறைத் தேநீர் அறையின் தண்ணீர்க் குழாய். நான் கேத்தலில் தண்ணீர் பிடிக்க நின்றால் பின்னால் ஆட்கள் வரிசை கட்டிவிடுவார்கள். நூல்போல வடிய விட்டுத்தான் பிடிப்பேன். ஒருநாள் ஃபோர்மன் மிஹாய் பொறுமையிழந்து, என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிக் குழாயை முழுசாகத் திருப்பினார். என் சட்டையெல்லாம் தண்ணீர். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வந்ததோ கோபம். தண்ணீரை இப்படியா கொட்டுவது என்று தமிழிலேயே திட்டித் தீர்த்தேன். இங்கே யாருக்குப் புரியப்போகிறது!

இலங்கையில் டிக்கோயாப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வீடுகள் எல்லாம் வரிசை வரிசையான லயங்கள்; மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் ஒரே தண்ணீர் பைப். நாங்கள் மேல் லயம். மேலே முழுசாகத் திறந்தால் கீழே ஒரு சொட்டுப் போகாது. அதனால் அரைச் சுற்றுக்கு மேல் யாரும் திறப்பதில்லை. சின்ன வயதில் ஒருமுறை விளையாட்டாக முழுசாகத் திறந்துவிட்டேன். கீழ் லயத்து அக்கா ஒருவர் படியேறி வந்து, தன் வெறும் வாளியை எங்கள் வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். அதற்கு மேல் ஒரு குடும்பத்துக்கு என்ன அவமானம் வேண்டும்? அம்மா அன்றைக்கு விளாசிய விளாசலில் என் கை அளவு பழகிக்கொண்டது.

அந்தக் கைதான் இங்கே என் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்தது. ஹட்டனில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் இரும்புக் கேட்டும் ஜன்னலும் ஒட்டிய எனக்குக் குச்சி வெல்டிங்தான் தெரியும். இங்கே இருப்பதோ ஒரே பெட்டியில் பல வேலை செய்யும் மெஷின். குச்சியும் பிடிக்கும், கம்பிச் சுருளும் ஓட்டும், கெட்டுப்போன வெல்டை உருக்கிக் காற்றால் ஊதி எடுக்கவும் செய்யும். புது வெல்டை வெளிக்காற்றுப் படாமல் காக்கும் கேஸுக்குச் சிலிண்டரிலிருந்து ஹோஸ் ஒன்று, ஊதி எடுக்கச் சுவரோடு ஓடும் காற்றுக் குழாயிலிருந்து இன்னொன்று. இரண்டையும் தானே இணைத்து, ஒரு பழைய வெல்டைச் சுரண்டியெடுத்துப் புதிதாக ஒட்டிக் காட்ட வேண்டும். தேறினால் நிரந்தர வேலை. என் மனைவி விஜயாவை அழைத்துக்கொள்ள விண்ணப்பம் போடலாம். தவறினால் இன்னும் ஒரு வருஷம் கிரைண்டர் பிடிக்கும் உதவியாள்தான். வாய்ப்பு இரண்டே தடவை.

முதல் தடவை, சிலிண்டரைச் சங்கிலியால் கட்டினேன். ரெகுலேட்டர் மாட்டுமுன் வால்வை ஒரு கணம் திறந்து தூசியை ஊதிவிட வேண்டும் என்பதை, வீணாகிறதே என்று மனசில்லாமல்தான் செய்தேன். இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்தேன். பிறகு கேஸ் மீட்டரை நிமிடத்துக்குப் பதினைந்து லிட்டருக்குப் பதில் ஐந்தில் விட்டேன். சுவரில் வரிசையாகப் பத்து காற்று வால்வுகள். ஒவ்வொன்றிலும் ஒருவன் வேலை செய்கிறான். கை யோசிக்கவே இல்லை. அரைச் சுற்று. உருகிய இரும்பு ஊதிப் போகாமல் அங்கேயே கட்டிதட்டியது. அதன்மேல் ஒட்டிய வெல்டோ தோசைபோல ஓட்டை ஓட்டையாக வந்தது.

மிஹாய் அதையும் மீட்டரையும் பார்த்தார். எனக்கு கேஸைக் கண்டால் பயம் என்று முடிவு கட்டிவிட்டார் மனுஷன். சிலிண்டரைக் கட்டிப்பிடித்துக் காட்டி, பார், ஒன்றும் செய்யாது என்று உடைந்த இங்கிலீஷில் தைரியம் சொன்னார். அட்டைக்கும் சிறுத்தைக்கும் நடுவே வளர்ந்தவனுக்கா பயம்? ரோஷத்தில் போனை எடுத்து, விஜயா அனுப்பிய படத்தைக் காட்டினேன். ஒரு பைப், சுற்றிலும் வாளிகள். மேலே நான், கீழே அவர்கள் என்று கையால் காட்டினேன். பிறகு சுவரிலிருந்த பத்து வால்வுகளையும் காட்டினேன்.

அவர் போனைத் திருப்பித் தந்தார். பிறகு என் வால்வை முழுசாகத் திறக்கச் சொல்லி, என்னைச் சுவர் ஓரமாகவே கடைசி வால்வுவரை நடத்திக்கொண்டு போனார். அங்கே ஒருவன் காற்றால் வெல்டை ஊதி எடுத்துக்கொண்டிருந்தான். அவனுடைய மீட்டரில் விரலை வைத்தார் மிஹாய். முள் கொஞ்சமும் இறங்கவே இல்லை.

"உனக்கும் இருக்கு. அவனுக்கும் இருக்கு," என்றார்.

எல்லோருக்கும் போதுமான ஒரு குழாயை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

மறுநாள் இரண்டாம் தடவை. கேஸ் பதினைந்து, காற்று முழுச் சுற்று. சுரண்டிய பள்ளம் பளிச்சென்று வந்தது. வெல்டில் ஊசி நுழைய ஓட்டை இல்லை. மிஹாய் தகட்டைத் தட்டி, "பீனே," என்றார். நன்று என்று அர்த்தம்.

மதிய இடைவேளையில் விஜயாவை அழைத்தேன். அங்கே சாயங்காலம், பறித்த கொழுந்தை எடைபோட்டுவிட்டு வந்து பைப்படியில் நின்றாள். தேறிவிட்டேன் என்று சொன்னதும் அழுதுவிட்டாள். அப்புறம் நடந்த கதையை விவரமாகச் சொன்னேன்.

"முழுசாவா தொறந்தீங்க?" என்றாள். "அங்க கீழ் லயம் இல்லீங்களா?"

"இங்க இல்ல புள்ள," என்றேன்.

பேசிக்கொண்டே கேத்தலைக் குழாயடியில் வைத்து, முதல் தடவையாக முழுசாகத் திறந்தேன். நொடியில் நிறைந்துவிட்டது. மூடினேன். போனுக்குள் அவளுடைய வாளியில் தண்ணீர் மெல்லிசாக விழுந்துகொண்டிருந்தது, அரைச் சுற்று அளவில். அந்த வாளி நிறையும்வரை, கேத்தலைக் கையில் பிடித்தபடி, குழாயடியிலேயே நின்றேன்.