களத்தில் காய்ந்த இசைத்தட்டுகள்

சேலத்துக்கு மேலே மலையில், கொட்டச்சேட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்ற பொன்னுவேல் யாரையும் நம்புவதில்லை. இதை அவர் குறையாக நினைப்பதில்லை, தகுதியாகவே நினைக்கிறார். மழை பெய்கிறது என்று மனைவி கமலா சொன்னால் வாசலுக்கு வந்து கையை நீட்டிப் பார்ப்பார். கை நனைந்த பிறகும் ஒருமுறை வானத்தைப் பார்த்துக்கொள்வார்.

அப்படிப்பட்டவரை ஒருவர் முழுதாக நம்பினார் என்பதுதான் வேடிக்கை. எண்பத்தேழில் எஸ்டேட் கைமாறியபோது மேனேஜரின் மகன் ஜாபெஸ், அப்போது பத்தொன்பது வயது, ஒரு மரப்பெட்டி நிறைய இசைத்தட்டுகளையும் ரெக்கார்டு பிளேயரையும் அவரிடம் ஒப்படைத்தார். "நானே வந்து வாங்கிக்கறேன் ரைட்டரே. வேற யார் கையிலயும் குடுத்துடாதீங்க." போனவர் வரவில்லை.

ஜாபெஸின் அப்பா, கிளம்புகிற அன்று ஜீப்பில் ஏறிக்கொண்டே, அந்தப் பாட்டுகள்தான் பையனைக் கெடுத்துவிட்டன என்று சொல்லிவிட்டுப் போனார். பொன்னுவேலுக்கு அது போதும். எந்த இடத்தில் கெடுக்கிறது என்று கண்டுபிடிக்க, ஞாயிறு மதியம் தோறும் ஒவ்வொரு தட்டாகக் கேட்க ஆரம்பித்தார். மொத்தம் இருபத்து மூன்று. அட்டைகளே சந்தேகத்துக்கு இடம் கொடுத்தன. முள்ளம்பன்றித் தலையோடு ஒருவன் காதில் ஊக்கைக் குத்திக்கொண்டிருந்தான். இன்னொன்றில் நான்கு ஆண்கள் கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டு, யாரோ இறந்துவிட்டதைப் போல நின்றார்கள்.

ஆங்கிலப் பாட்டின் சொற்கள் பிடிபடவில்லை. ஆனால் தரம் பிரிக்கத் தெரிந்தவர் அவர். காப்பிப் பழத்தைத் தோலோடு அப்படியே காயவைத்தால் செர்ரி. தோலை உரித்துக் கழுவிக் காயவைத்தால் பார்ச்மென்ட். பங்க் என்று எழுதியிருந்தவை எல்லாம் செர்ரி: கழுவாதது, கரகரப்பு, வேகமாக முடிந்துவிடும். நியூ வேவ் என்று எழுதியிருந்தவை பார்ச்மென்ட்: அதே கோபம்தான், குளித்துவிட்டு வந்திருக்கிறது. இதைவிடச் சுருக்கமாக அந்த இசையைப் பற்றி யாரும் சொல்லிவிட முடியாது. சொன்னவருக்கோ அது பிடித்திருக்கிறதா என்று இன்றுவரை தெரியாது. முப்பத்தெட்டு வருடமாக விசாரணை நடக்கிறது, அவ்வளவுதான்.

பராமரிப்பில் அவர் குறை வைக்கவில்லை. முதல் வருட மழையிலேயே தட்டுகளில் வெள்ளையாகப் பூசணம் பிடித்துவிட்டது. ஈரம் ஏறிய பொருளுக்கு எஸ்டேட்டில் ஒரே மருந்துதான். காப்பி காயும் சிமெண்டுக் களத்தில் இருபத்து மூன்றையும் பரப்பி, நாலு நாள் வெயிலில் வைத்தார். அரைமணிக்கு ஒருமுறை திருப்பிப் போட்டார். மாலையில் தார்ப்பாய் போட்டு மூடினார்.

போன மாதம் ஒரு பெண் வந்தாள். பெயர் மோனிஷா, ஜாபெஸின் மகள் என்றாள். "அப்பா இப்ப ரிடையர் ஆயிட்டாங்க, அங்கிள். அந்த எயிட்டீஸ் ஆல்பம் எல்லாம் திரும்பக் கேக்கணுமாம். முதுகுல ஆபரேஷன், அதான் என்னை அனுப்பினாங்க."

"சின்னத் தொரையே வர்றேன்னுதானுங்க சொன்னாரு."

போனில் அப்பாவின் படத்தைக் காட்டினாள்.

"போட்டோ யாரு வேணாலும் வெச்சுக்கலாம் அம்மிணி. பங்களாவுல ஒரு நாய் இருந்துச்சே, அதும்பேரு என்ன?"

"நான் அப்பப் பொறக்கவே இல்லையே!"

"ஏனுங்க, நாய் பேரு உங்களுக்கே ஞாபகமில்லை. அந்தப் புள்ளயக் கேக்கறீங்களே," என்றாள் கமலா, காப்பியோடு வந்து.

மோனிஷா சிரித்துவிட்டு, அப்பா சொல்லியிருந்த ஒரு தட்டின் பெயரைப் போனில் தேடி, அதிலேயே பாட்டை ஓடவிட்டாள். பொன்னுவேல் முழுதும் கேட்டார்.

"இது டூப்ளிகேட்டு," என்றார். "போன்லயே இருக்குதுன்னா இத வாங்கறதுக்கு எதுக்கு மலையேறி வரணும்? கணக்கு ஒதைக்குதே."

அசலை நிரூபிக்க அதே தட்டைப் பிளேயரில் வைத்தார். முள், தட்டின் மேல் படகைப் போல ஏறி இறங்கியது. பாடுகிறவனின் குரல் சுற்றுக்கு ஒருமுறை மேலே போய், வழுக்கிக் கீழே வந்தது. கிதார் அழுதது.

"பாத்தியா? அந்த ஏத்த எறக்கம் உன்றதுல இருக்குதா?"

மோனிஷா அதைப் பதிவு செய்து அப்பாவுக்கு அனுப்பினாள். இரண்டு நிமிடத்தில் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். முதலில் யாரோ மூச்சு முட்டச் சிரிக்கிற சத்தம்.

"ரைட்டரே! களத்துல காயப்போட்டீங்களா?"

பொன்னுவேல் நிமிர்ந்தார். "பூசணம் புடிச்சிருந்துச்சுங்க."

"எத்தன நாளு?"

"நாலு நாளுங்க. திருப்பித் திருப்பித்தான் போட்டேன்."

மறுபடி சிரிப்பு. பொன்னுவேல் மனைவி பக்கம் திரும்பினார். "சின்னத் தொரையேதான். எஸ்டேட்டுல வளராதவனுக்கு இது தோணாது."

முப்பத்தெட்டு வருடத்தில் அவர் சந்தேகம் தீர்ந்தது அன்றைக்குத்தான். தீர்ந்த கையோடு இன்னொன்று புரிந்தது. போனை நோக்கிக் கொஞ்சம் குனிந்தார்.

"அப்ப... கெட்டுப்போச்சுங்களா தொரை?"

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. "கெட்டுத்தான் போச்சு ரைட்டரே. வெயில்ல அது வளைஞ்சுரும்." பிறகு, "யார் கையிலயும் குடுக்கலையே?"

"எவன் கையிலயும் குடுக்கலைங்க."

"குடுத்தனுப்புங்க. வளைஞ்சதக் கேக்கறேன். நல்லது போன்ல இருக்குது."

பெட்டியையும் பிளேயரையும் அவரே ஒண்டிக்கடை பஸ் நிறுத்தம் வரை கொண்டுவந்து சேலம் பஸ்ஸில் ஏற்றினார். ஜன்னலோரம் உட்காரப்போன மோனிஷாவைத் தடுத்தார்.

"வெயில் படாத பக்கமா உட்காரு கண்ணு. இதெல்லாம் வெயில்ல வெச்சா வளைஞ்சுரும்," என்றார், பிறந்ததிலிருந்தே தெரிந்தவரைப் போல.

"எந்தப் பக்கம் அங்கிள் வெயில் படாது?"

இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் மனதுக்குள் ஒருமுறை இறங்கிப் பார்த்தார். ஒவ்வொரு வளைவிலும் வெயில் பக்கம் மாறியது. தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறிப் பெட்டியின் மேல் போர்த்தி, நான்கு மூலையையும் செருகினார்.