முருகர் படத்துக்குள் எங்கள் பத்திரம்

கல்யாணமான புதிதில் நானும் என் வீட்டுக்காரரும் வடபழனியில் வாங்கிய சின்ன வீட்டைப் போன மாதம் விற்றோம். விற்குமுன் சுவர் பூசி, குழாய் மாற்றி, புதுப்பெண் மாதிரி ஆக்கினோம். சமையலறைக்குப் பெயின்ட் அடித்தது நானேதான். பார்க்க வந்த புதுத் தம்பதி, "எங்களுக்கே குடுங்க பாட்டி" என்றார்கள்.

பத்திரத்தைக் கேட்டதும்தான் எனக்கு வேர்த்தது. திருடனுக்குப் பயந்து, அதைப் பெரிய முருகர் படத்தின் பின்பலகைக்குள் வைத்திருந்தேன். சுவரில் படத்தைக் காணோம்.

"கண்ணாடி ஒடஞ்சிக் கெடந்துச்சி. கோயில் அரச மரத்தாண்ட வெச்சிட்டு வந்தேன்" என்றார் வீட்டுக்காரர்.

"வூட்டையும் சேத்து வெச்சிட்டு வந்துகீற, யோவ்."

இருவரும் ஓடினோம். மரத்தடியில் குவிந்திருந்த பழைய படங்களுக்கு நடுவே முருகர் இருந்தார். பலகையைப் பிரித்தேன், பத்திரம் பத்திரமாக இருந்தது.

"அங்க கீதுன்னு எங்கிட்ட இன்னாத்துக்குச் சொல்லல?"

"சொல்லிருந்தா எப்பவோ அடகு வெச்சிருப்ப."

வாங்கியவர்கள் சமையலறை நிறத்தை மாற்றவே இல்லையாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பணத்தில் வாங்கிய புது வீட்டுப் பத்திரம் இப்போது பீரோவில் இருக்கிறது. இடம் வீட்டுக்காரருக்கும் எங்கள் மகளுக்கும் தெரியும். சாவி மட்டும் என் இடுப்பில்.